மருமகளின் அம்மம்மாவுக்கு வெள்ளவத்தையில் ஒரு படையல்: யோசனை சொல்லுங்கள்

மூன்றாம்மாடி டீச்சர் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு வருடம் சித்திரம் படிப்பித்தவளுக்குச் சுருக்கிச் சொல்ல வராது.

என் மகன் லொஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறான். போன வருடம் அங்கேயே கல்யாணம் முடித்தான். மருமகள் பிறந்து வளர்ந்தது அந்த நகரத்தின் கிழக்குப் பக்கம். அவளுடைய அம்மம்மா மெக்சிகோவில் ஒஹாக்கா என்ற மாநிலத்திலிருந்து போய்க் குடியேறியவர். என்னை "மாமி" என்று கூப்பிடச் சொல்லி மகன் பழக்கியபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். ஸ்பானிய மொழியில் மாமி என்றால் அம்மா. முதல் நாளே எனக்குப் பதவி உயர்வு.

இருவரும் ஒக்டோபர் கடைசியில் கொழும்புக்கு வருகிறார்கள். மூன்று கிழமை நிற்பார்கள். நவம்பர் 1, 2 அவர்களுக்கு முக்கியமான நாட்கள் என்பது டிக்கெட் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்களாம். அவளை வளர்த்த அந்த அம்மம்மா இந்த மார்ச்சில்தான் காலமானார். "அம்மம்மா வரும் முதல் வருடம், நான் வீட்டில் இருக்க மாட்டேன்" என்று வீடியோவில் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே, கொழும்பில் மழையா வெயிலா என்று பேச்சை மாற்றினாள். எனக்கு அன்று இரவு நித்திரை இல்லை.

சனிக்கிழமைகளில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பு நடத்துகிறேன். பதினான்கு பேர். அவர்களை வைத்து அந்த அம்மம்மாவுக்கு ஒரு படையல் மேடை செய்தால் என்ன என்று தோன்றியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் தொடர்மாடிக் குழுவில் சொன்னேன். அவ்வளவுதான், "லத்தீன் அமெரிக்க இரவு" என்று வாட்சப்பில் அறிவித்தே விட்டார்கள். அகலத் தொப்பி வாடகைக்கு எடுப்பதாம், ஆண்களுக்கு ஒட்டு மீசையாம், சல்சா பாட்டாம், உறியடி மாதிரி ஒரு காகிதக் கழுதையைத் தொங்கவிட்டு அடித்து உடைப்பதாம். செயலாளர் ஐயா புத்தகம் வாசிக்கிறவர். அவர், "பாப்லோ நெருடா நம் வெள்ளவத்தையில்தான் இருந்தார், அவருடைய கவிதை ஒன்று கட்டாயம் வாசிக்க வேண்டும்" என்கிறார்.

கேட்கக் கேட்க எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. நான் லொஸ் ஏஞ்சலிஸில் போய் இறங்கும்போது அவள் வீட்டார் ஒரு பாம்பாட்டியையும் பஞ்சு அடைத்த யானையையும் வைத்துக்கொண்டு "இலங்கை இரவு" என்று நின்றால் நான் என்ன செய்வேன்? மரியாதைக்குச் சிரிப்பேன். செத்த வீட்டுத் துக்கம் ஆறாத பிள்ளையை அப்படிச் சிரிக்க வைக்க மனம் வரவில்லை.

ஆகவே தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். அந்த மேடையில் உண்மையில் என்னென்ன வைப்பார்கள்? கொழும்பில் கிடைக்கும் சாமானில் பிள்ளைகள் எதைச் செய்யலாம்? குறிப்பிட்ட ஒரு மஞ்சள் பூ வேண்டுமாம், இங்கே கிடைக்குமா? மண்டையோடு இல்லாமல் முடியாதா? முதலாம் மாடி அக்கா "குடியிருக்கிற கட்டடத்துக்குள் எலும்புக்கூடா" என்று இப்போதே தொடங்கிவிட்டார். அப்புறம், அழைப்பிதழில் இவர்களை என்னவென்று போடுவது? லத்தீனோ, ஹிஸ்பானிக், லத்தீன்எக்ஸ் என்று மூன்று சொல் கண்ணில் படுகிறது.

திரும்பிவந்தவன் எழுதியது:

டீச்சர், நான் லொஸ் ஏஞ்சலிஸில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்தவன். இப்போது பம்பலப்பிட்டி. தொப்பியை விடுங்கள், மீசையை எரியுங்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். மருமகள் தன்னை என்ன சொல்கிறாளோ அதைப் போடுங்கள். ஹிஸ்பானிக் என்பது அமெரிக்க அரசாங்கத்தின் படிவச் சொல். 1980 குடிசன மதிப்பீட்டில்தான் அதை எல்லா வீட்டிலும் கேட்டார்கள். ஸ்பானிய மொழியை வைத்து வந்ததால் ஸ்பெயின் அதற்குள் வரும், பிரேசில் வெளியே நிற்கும். லத்தீனோ என்றால் பிரேசில் உள்ளே, ஸ்பெயின் வெளியே. லத்தீன்எக்ஸ், ஆண் பெண் விகுதியைத் தவிர்க்க வந்த புதுச் சொல், பல்கலைக்கழகங்களிலும் கலை அமைப்புகளிலும்தான் அதிகம். 2020-இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கருத்துக்கணிப்பில் அந்தச் சமூகத்தில் 3 சதவீதத்தினர்தான் தங்களை அப்படிச் சொல்வதாகச் சொன்னார்கள். நாம் "அவர்" என்று சொல்லித் தப்பிவிடுகிறோம். ஸ்பானிய மொழியில் மேசைக்குக்கூட ஆண் பெண் உண்டு, அதனால் அவர்களுக்கு இந்தப் பாடு. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா தன்னை மெக்சிகானா (மெக்சிகோக்காரி) என்பார், அவர் மகள் சிக்கானா (மெக்சிகோ வழிவந்த அமெரிக்கக்காரி) என்பாள், ஒரே குசினியில் நின்றுகொண்டு. கணக்கெடுப்பில் "இந்தியத் தமிழர்" என்று எழுதப்பட்டவர்கள் "நாங்கள் மலையகத் தமிழர்" என்று எத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? அதே சங்கதி.

அங்கே இவர்களுக்கென்று அரசு வைத்திருக்கும் பாரம்பரிய மாதம் செப்டம்பர் 15 முதல் ஒக்டோபர் 15 வரை. 1968-இல் ஒரு வாரமாகத் தொடங்கி 1988-இல் மாதமாக்கினார்கள். மாத நடுவில் ஏன் தொடங்குகிறது என்றால், குவாத்தமாலா, ஹொண்டுராஸ், எல் சால்வடோர், நிகரகுவா, கொஸ்தா ரிக்கா ஐந்துக்கும் செப்டம்பர் 15-தான் சுதந்திர நாள், மெக்சிகோவுக்கு அடுத்த நாள். அந்த மாதம் வந்தால் நான் வேலை செய்த இடத்தில் கன்டீனில் டாக்கோ போடுவார்கள், வரவேற்பு மேசையில் ஒரு தொப்பி வந்து உட்காரும். ஒக்டோபர் 16 காலையில் தொப்பியைக் காணவில்லை. உங்கள் குழு செய்யப் பார்ப்பது அதைத்தான்.

நான் பார்த்து மனம் நிறைந்தது வேறு இடத்தில். கிழக்கு லொஸ் ஏஞ்சலிஸில் செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ் என்று ஒரு கலைக்கூடம். கரென் பொக்காலேரோ என்ற கன்னியாஸ்திரி, மெக்சிகோவிலிருந்து வந்த இரண்டு கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 1970 அளவில் ஒரு கராஜில் அச்சுப் படம் போடத் தொடங்கிய இடம். அந்த நகரத்தில் இறந்தோர் நாளை வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்குக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு இவர்களுக்கு உண்டு. அங்கே பிறந்த பிள்ளைகளில் பலர் அதைச் சொந்த வீட்டில் பார்த்ததே இல்லை. பாட்டிமாரோடு நின்றுபோனதைக் கலைஞர்கள் விசாரித்து, காகிதக் கூழிலும் துணியிலும் திரும்பச் செய்து, ஊரைக் கூட்டிக் காட்டினார்கள். ஒரு வேனைக் கலைக்கூடமாக மாற்றிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஓட்டிப் போனார்கள். சித்திர டீச்சர், உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் "அசல் எது" என்று ரொம்பப் பயப்படாதீர்கள். மெக்சிகோ நகரத்தில் இன்று பெரிதாக நடக்கும் எலும்புக்கூட்டு ஊர்வலமே 2016-இல்தான் தொடங்கியது, அதுவும் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் காட்டியதைப் பார்த்து. பழையது வீட்டுப் படையல்தான்.

ஒரு வருடம் அந்தக் கலைக்கூடத்துக்காரர் நடத்திய விழாவுக்குப் போனேன். ஆளுயர மேடைகளுக்கு நடுவில் ஒரு சிறுவன் செத்துப்போன தன் நாய்க்குச் சப்பாத்துப் பெட்டிக்குள் படையல் வைத்திருந்தான். நாயின் படம், தண்ணீர் வைத்த மூடி, கடித்துக் குதறிய பந்து. பெரியவர்களின் மேடை ஒன்றும் எனக்கு இப்போது ஞாபகமில்லை. உங்கள் பதினான்கு பேருக்கும் ஆளுக்கொரு சப்பாத்துப் பெட்டி கொடுங்கள். யாருக்கு என்று அவர்களே தீர்மானிக்கட்டும்.

கொட்டாஞ்சேனை மெழுகுதிரி எழுதியது:

சாமான் பட்டியல் என்னிடம் விடுங்கள். எங்கள் பங்கில் அருட்சகோதரி ஒருவர் மெக்சிகோவில் பணி செய்துவிட்டு வந்தவர், இரண்டு வருடம் முன்பு இளைஞர் குழுவோடு இதைச் செய்தோம்.

மேடைக்கு ஓஃப்ரெண்டா என்று பெயர், காணிக்கை என்று அர்த்தம். இரண்டு படி, மூன்று படி, ஏழு படி வைப்பார்கள். இந்து வீட்டுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை, கொலுப் படியைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே போடாமல் அப்படியே வைத்திருங்கள். மேல் படியில் இறந்தவரின் படம். ஒரு கிளாஸ் தண்ணீர், தூரத்திலிருந்து வருகிறவருக்குத் தாகம் எடுக்கும் என்று. உப்பு. மெழுகுதிரி. கோப்பால் என்ற பிசினைப் புகைப்பார்கள், நம் சாம்பிராணியின் ஒன்றுவிட்ட சகோதரம், அதையே போடுங்கள். பிறகு அவர் உயிரோடு இருக்கும்போது விரும்பிச் சாப்பிட்டது, குடித்தது. இதிலே நமக்குப் புதிதாக என்ன இருக்கிறது? திவசத்துக்கு அப்பப்பாவுக்குப் பிடித்தது என்று சுருட்டு வைத்த வீடு எனக்குத் தெரியும். எங்களுக்கோ நவம்பர் 2 ஆத்துமாக்கள் நாள். அன்று பொரளை கனத்தைப் பக்கம் போய்ப் பாருங்கள், கல்லறை கழுவுகிறவர்களும் பூவும் திரியுமாக இருக்கும்.

பூவுக்கு அவர்கள் மொழியில் செம்பாசூச்சில் என்று பெயர். வேறொன்றுமில்லை, நர்சரியில் மேரிகோல்ட் என்று விற்கும் செம்மஞ்சள் பூ, தமிழ்நாட்டில் செண்டுமல்லி, துலுக்கச் செவ்வந்தி என்பார்கள். மெக்சிகோதான் அதன் தாய்வீடு. நம் கோயில் மாலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு உள்ளூர்க்காரி மாதிரி நடிக்கிறது. அந்த வாசனையும் நிறமும் வழிகாட்டும் என்று வாசலிலிருந்து மேடை வரைக்கும் இதழைத் தூவிப் பாதை போடுவார்கள். செட்டியார் தெருக் கோயில்களுக்கு மாலை கட்டுகிறவர்களிடம் மூன்று நாளைக்கு முன்னே சொல்லி வையுங்கள். தீபாவளி கிட்ட வந்தால் விலை ஏறும். தட்டுப்பட்டால் அரலியாப் பூ போடுங்கள், அதுவும் அந்தப் பக்கத்து மரம்தான்.

தாள் வேலைதான் பிள்ளைகளுக்குச் சரி. பாப்பெல் பிக்காடோ என்று டிஷ்யூத் தாளில் பூவும் பறவையும் எலும்புக்கூடும் வெட்டித் தோரணமாகக் கட்டுவார்கள். அங்கே கைதேர்ந்தவர்கள் நாற்பது ஐம்பது தாளை அடுக்கிச் சிற்றுளியும் சுத்தியலும் வைத்துக் கொத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு மடித்துக் கத்தரிக்கோலால் வெட்டினால் போதும். வெசாக் கூடு கட்டும் அதே தாள், வெசாக் முடிந்தபின் புறக்கோட்டையில் மிஞ்சிக் கிடக்கும். ஒரு எச்சரிக்கை: நாங்கள் வாசலில் கட்டினோம். நவம்பர் மாதப் பின்னேர மழை, இடி, காற்று. ஆறு மணிக்குத் தோரணம் இல்லை, வெள்ளைச் சுவரெல்லாம் ஊதாச் சாயம். பூச்சுக்கூலி கொடுத்தோம். உள்ளே கட்டுங்கள்.

சீனியில் மண்டையோடு செய்யப் போகாதீர்கள். இந்தப் புழுக்கத்தில் அது வியர்க்கும். எங்களுடையது மூன்றாம் மணித்தியாலம் மூக்கை இழந்தது. களிமண் போதும். முதலாம் மாடி அக்காவிடம் கேளுங்கள், கபால மாலை போட்ட காளியைக் கும்பிடுகிறவருக்கு, பூப் போட்டுச் சிரிக்கிற மண்டையோட்டோடு என்ன கோபம்?

பாணுக்கு ஒன்று: இறந்தோர் பாண் என்று உருண்டையாகச் சுட்டு மேலே எலும்பு மாதிரி மாவை உருட்டி வைப்பார்கள், சீனி தூவி. பழக்கமான பேக்கரியில் பணிஸ் மாவில் தோடம்பழத் தோலைத் துருவிப் போட்டுச் சுட்டுத் தரச் சொல்லுங்கள். எங்களுக்குச் சுட்டுத் தந்தவர் எலும்பை எலும்பு என்று நம்பவே இல்லை, சிலுவை என்று நினைத்து இன்னும் அழகாக வைத்தார்.

சொல்பொறுக்கி எழுதியது:

படையலைப் பற்றி எனக்குத் தெரியாது. மாமி விஷயம் படித்துச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

மருமகளோடு பேசச் சங்கடப்படாதீர்கள் டீச்சர், உங்களுக்குப் பாதி ஸ்பானியம் ஏற்கெனவே தெரியும். மேசை, சப்பாத்து, குசினி, துவாய், வாங்கு, பாண். அவளிடம் மேசா, சப்பாத்தோ, கொசீனா, தோவாயா, பாங்கோ, பான். நமக்கு வந்தது 1505-க்குப் பிறகு போர்த்துக்கீசர் வழியாக, ஆனால் இரண்டு மொழியும் அக்கா தங்கை. கதிரையில் மட்டும் கவனம். போர்த்துக்கீசரின் கதெய்ரா நமக்குக் கதிரை ஆயிற்று. ஸ்பானியத்தில் கதேரா என்றால் இடுப்பு. "கதிரையைக் கொஞ்சம் நகர்த்து பிள்ளை" என்று சபையில் சொல்லிவிடாதீர்கள்.

சல்சா வேண்டாம் என்றால் ஆட்டமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பைலா இருக்கிறதே! ஊரில் கல்யாண வீட்டில் மாமாமார் ஆடுவது. போர்த்துக்கீசத்திலும் ஸ்பானியத்திலும் பைலார் என்றால் ஆடுதல். மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கீசக் கிரியோலும் பழைய ஆட்டமும் இன்னும் இருக்கின்றன. படையல் முடிந்து சாப்பிட்ட பிறகு பைலா போடுங்கள், அவளுக்குச் சொல் புரியும், ஆட்டம் புதிதாக இருக்கும்.

சாப்பாட்டுக்கு ஒரு துணுக்கு. ஒஹாக்காவில் தமால் என்று சோள மாவை வாழை இலையில் வைத்து அவிப்பார்கள். கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டுத் தமிழிலிருந்து போனது என்று இங்கே யாரும் கட்டுரை எழுத வேண்டாம், அது மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டில் மொழிச் சொல். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து ஊறவைத்துத்தான் அரைப்பார்கள், வெற்றிலைக்குப் பூசும் அதே சுண்ணாம்பு. சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நயசின் சத்து அதில்தான் விடுபடும். அரைக்கும் கல்லின் படத்தை என் அம்மாவுக்குக் காட்டினேன். "இது யார் வீட்டு அம்மி?" என்று கேட்டார்.

செயலாளர் எழுதியது:

டீச்சர் இங்கே எழுதியிருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. நான்தான் அந்தச் செயலாளர். தொப்பி யோசனை பொருளாளருடையது, பதிவில் இருக்கட்டும்.

கவிதையை மட்டும் விட்டுத் தரமாட்டேன். நெருடா 1929-இல் சிலி நாட்டுக் கொன்சலாகக் கொழும்புக்கு வந்தவர். அப்போது இருபத்துநான்கு வயது. வெள்ளவத்தைக் கடலோரத்தில் ஒரு சிறு பங்களாவில் தனியாக இருந்தார், கீரி வளர்த்தார், கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டோடு நட்பு. பிற்பாடு 1971-இல் நோபல் பரிசு. நாம் தினமும் ரயில் பாதையோரம் நடக்கிற இடத்தில் அப்படிப்பட்ட கவிஞர் நடந்திருக்கிறார். லத்தீன் அமெரிக்காவுக்கும் இந்த ஊருக்கும் இதைவிட நெருங்கிய பந்தம் எது? ரப்பர் மரமா?

ஒழுங்கைக்காரி எழுதியது:

இருக்கிறது ஐயா, இதைவிட நெருங்கிய பந்தம். அவரே எழுதி வைத்திருக்கிறார். இறந்த பிறகு 1974-இல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகளில், இந்த வெள்ளவத்தை பங்களாவைப் பற்றிய பகுதியில்.

அந்த வீட்டு மலசலகூடத்தில் வாளி. ஒவ்வொரு நாளும் விடியும்போது வாளி சுத்தமாக இருக்கிறது, எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாள் நேரத்தோடு எழும்பிப் பார்க்கிறார். ஒரு தமிழ்ப் பெண் வந்து எடுத்துப் போகிறாள். அழகு என்கிறார், சிலை என்கிறார். கூப்பிடுகிறார், பரிசு வைக்கிறார், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு காலையில் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கொண்டுபோகிறார். அவள் கடைசிவரை கண்ணைத் திறந்தபடியே கிடந்தாள், தன்னை அவள் வெறுத்தது சரிதான் என்று எழுதுகிறார். அடுத்த பக்கத்தில் வேறு கதை.

அவளுடைய மலிவான சேலையின் நிறம் அதில் இருக்கிறது. காலில் கிடந்தது, மூக்கில் மின்னிய கண்ணாடிக் கல் இருக்கிறது. சாதி இருக்கிறது. பேர் இல்லை.

என் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு இந்த நகரத்தைக் கூட்டிக் கழுவுவதுதான் வேலை. அந்தப் பெண் எங்களுக்கு உறவா என்று எனக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. ஆனால் இந்த ஒழுங்கைகளில் வாளி தூக்கியவர்கள் யார் என்று தெரியும். இறந்தவர்களைக் கூப்பிடுகிற நாளில், வெள்ளவத்தையில், தமிழ்ப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அவர் கவிதையை வாசிக்கப் போகிறீர்கள்.

கவிதையை எரிக்கச் சொல்லவில்லை. 2018-இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கப் பார்த்தபோது சிலி நாட்டுப் பெண்களே இந்தச் சம்பவத்தைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள். அங்கே பேசுகிறார்கள். இங்கே கீரி வளர்த்தார் என்கிறோம்.

செயலாளர் எழுதியது:

எனக்கு இது தெரியாது. தெரியாது என்பதும் அரை உண்மை, எங்கேயோ படித்துக் கடந்து போயிருக்கிறேன். கவிதையை எடுத்துவிடுகிறேன்.

திரும்பிவந்தவன் எழுதியது:

சிலிதான் வேண்டும் என்றால் கப்ரியேலா மிஸ்த்ரால் இருக்கிறார் ஐயா. 1945-இல் நோபல் வாங்கியவர், லத்தீன் அமெரிக்காவில் இலக்கியத்துக்கு முதல் ஆள், நெருடாவுக்கு இருபத்தாறு வருடம் முன்னால். பள்ளிக்கூட டீச்சர். தாலாட்டும், பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நின்று பாடும் பாட்டும் எழுதியவர். ஆனால் மருமகள் சிலிக்காரி இல்லை என்பதையும் ஞாபகம் வையுங்கள். பருத்தித்துறை விருந்தாளியை வரவேற்க மலேசியப் பாட்டுப் போடுகிற மாதிரி ஆகிவிடும்.

வேண்டுமானால் இன்னொன்று செய்யலாம். அந்த நாட்களில் மெக்சிகோவில் உயிரோடு இருக்கிறவர்களைச் செத்தவராக வைத்துக் கிண்டல் பாட்டு எழுதுவார்கள், கலவேரா என்று பெயர். வசைபாடக் காளமேகம் பிறந்த மொழி நம்முடையது. முதல் பாட்டு உங்கள் பொருளாளருக்கு, தொப்பிக்காக.

மூன்றாம்மாடி டீச்சர் எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். ஒழுங்கைக்காரி எழுதியதை மூன்று தரம். மகளே, இந்த ஒழுங்கைகளில் நாற்பது வருடமாக நடக்கிறேன். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கும் ஒருவர் வருவார். என் அம்மா தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவார். அவர் பேர் எனக்கும் தெரியாது.

நேற்று இரவு மருமகளோடு பேசினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், அவளைக் கேட்காமலே ஊர் கூட்டி விட்டேன் என்று. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு மூக்கை உறிஞ்சினாள், பிறகு "சீனி மண்டையோடு செய்யாதே மாமி, அம்மம்மாவுக்கு நீரிழிவு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அழைப்பிதழில் என்ன சொல் போடுவது என்று கேட்டேன். "ஒன்றும் போடாதே, அம்மம்மாவின் பேரைப் போடு" என்றாள். போட்டாயிற்று.

நெருடா விஷயத்தையும் சொன்னேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான். அவள் பள்ளிக்கூடத்தில் அவர் காதல் கவிதைகளை மனப்பாடம் செய்தவளாம். இது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு ஒன்று சொன்னாள். அவர்கள் வீட்டு மேடையில் அம்மம்மா எப்போதும் ஒரு திரி அதிகமாக ஏற்றுவாராம். யாரும் நினைக்க இல்லாத ஆத்மாவுக்கு. அனிமா சோலா என்று பெயர், தனித்த ஆத்மா. அந்தத் திரிக்குப் படமும் பேரும் வைப்பதில்லையாம்.

அந்தத் திரியை ஏற்றப் போகிறோம். ஒலிபெருக்கியில் அறிவிக்க மாட்டோம். ஒழுங்கைக்காரி, அதை நீங்கள் வந்து ஏற்றினால் நல்லது என்று எனக்கு ஆசை. கட்டாயமில்லை. வராவிட்டால் ஏன் என்று கேட்கவும் மாட்டேன்.

மற்றபடி நிலவரம் இது. கொலுப் படி ஐந்து இரண்டாம் மாடியிலிருந்து வருகிறது. சப்பாத்துப் பெட்டி பதினொன்று சேர்ந்துவிட்டது, மூன்று குறைகிறது. பிள்ளைகள் தாத்தா, பெரியம்மா, ஒரு கிளி, கடைசியாக கொவிட்டில் போன வேன் சாரதி மாமா என்று பட்டியல் தந்திருக்கிறார்கள். வேன் மாமாவுக்கு மட்டும் மூன்று பேர் போட்டி, ஒரே வேனில் போனவர்கள். மூவரும் சேர்ந்து பெரிய பெட்டி செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். தோரணம் உள்ளே. தமால் செய்ய மருமகளே சோளம் ஊறவைக்கிறாளாம், சுண்ணாம்பு வெற்றிலைக் கடையில் வாங்குவேன், அம்மி எங்கள் வீட்டில் இருக்கிறது, அரைக்கத்தான் ஆள் வேண்டும். செயலாளர் ஐயா மிஸ்த்ரால் தாலாட்டு ஒன்றைத் தமிழில் கொண்டுவர முயற்சி செய்கிறார், நேற்று மின்தூக்கிக்குள் நின்று விரலில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். பொருளாளர் தொப்பி முற்பணத்தைத் திருப்பி வாங்கப் போயிருக்கிறார்.

முதலாம் மாடி அக்கா நேற்றுப் பின்னேரம் கதவைத் தட்டினார். சண்டைக்கு என்று நினைத்தேன். தன் கணவரின் படத்தை முன்றானைக்குள் வைத்திருந்தார். மேல் படியில் இடம் கிடைக்குமா என்று கேட்டார். மண்டையோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாமாம்.

இரண்டு விஷயம் மிச்சம். பூ மூன்று கிலோ சொல்லியிருக்கிறேன், நவம்பர் 1 விடியற்காலையில் செட்டியார் தெருவிலிருந்து எடுத்துவர வாகனம் உள்ள யாராவது? இரண்டாவது, அம்மம்மா மிகவும் விரும்பிக் குடித்தது கோலாவாம். நீரிழிவோடு ஒளித்துக் குடித்தவராம். மேடையில் போத்தலைத் திறந்து வைப்பதா, மூடியோடு வைப்பதா? மருமகளிடம் கேட்க மறந்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனை மெழுகுதிரி எழுதியது:

என்னிடம் முச்சக்கரவண்டி இருக்கிறது, ஐந்தரைக்கு நிற்பேன். போத்தலைத் திறந்து வையுங்கள் டீச்சர், ஸ்ட்ரோவும் போடுங்கள்.

ஒழுங்கைக்காரி எழுதியது:

சப்பாத்துப் பெட்டி மூன்று என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.